பாம்புப் பெட்டிக்குள் ஒரு வெயில், ஒரு நிழல்

பாம்பு வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நாய் கேட்பாள், மிஞ்சிப்போனால் பூனை கேட்பாள் என்று மனதைத் தேற்றி வைத்திருந்த எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஒரு வருடம் இழுத்தடித்துப் பார்த்தேன், அவள் விடவில்லை. சரி என்று நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். டொரொண்டோவுக்குப் பக்கத்தில், ஜனவரியில் வெளியே மைனஸ் 15 அடிக்கிற ஊரில், ஆப்பிரிக்கப் பாம்பு ஒன்றை வீட்டுக்குள் எப்படி உயிரோடு வைத்திருப்பது? ஊரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னபோது, "ஏன்டா, பாம்புக்கு ஹீட்டரா? இங்க வெயில் ஏறினா அதுவே புத்துக்குள்ள போய்ப் படுத்துக்குது" என்று சிரித்தார். கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த ஆறு மாதம் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுரை போலத்தான் இருந்தது.

பாம்பைக் குளிர்ரத்தப் பிராணி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி தப்பு. அதன் ரத்தம் குளிர்ந்து கிடப்பதில்லை. நன்றாக வெயில் காய்ந்த பாம்பின் உடம்பு கிட்டத்தட்ட நம் உடம்பு அளவுக்குச் சூடாக இருக்கும். வித்தியாசம் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில். நாம் சாப்பிடும் சோற்றில் பெரும்பங்கு உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்கவே செலவாகிறது. பாம்பு அந்தச் செலவைச் செய்வதில்லை, வெயிலிடமும் சுடுமண்ணிடமும் ஓசியில் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒரு எலியை விழுங்கிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் சும்மா கிடக்க முடிகிறது. (இதற்கும் விதிவிலக்கு உண்டு: நம் ஊர் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும்போது, தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கவைத்துத் தானே சூடு உண்டாக்கும். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது, ஆனால் நாம் பேசப்போவதற்குத் தேவையில்லை.)

இந்த ஓசி வியாபாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூடு கிடைக்காவிட்டால் பாம்பின் உடம்பில் எல்லாமே மந்தமாகிவிடும். செரிமானம் நின்று, விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுக ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும். நோய் எதிர்ப்பும் குறையும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, கொறகொறவென்ற சத்தம் என்று வரும் சளி நோய்க்குக் குளிரான பெட்டி ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் பெட்டி முழுவதையும் 32 டிகிரியில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. புதிதாக வளர்ப்பவர்கள் விழும் குழியே அதுதான். சூடு ஏறிய பாம்பு அடுத்துத் தேடுவது நிழலை. அம்மா சொன்ன புற்று அதுதான். வெயிலுக்கும் புற்றுக்கும் நடுவே நாள் முழுவதும் போய்வந்துதான் அது தன் உடம்பைச் சரியான சூட்டில் வைத்துக்கொள்கிறது.

ஆக, நீங்கள் கட்டப்போவது சூடான பெட்டி என்று நினைக்காதீர்கள். ஒரு முனையில் வெயிலும் மறுமுனையில் நிழலும் உள்ள பெட்டி. எந்த நேரத்தில் எங்கே இருக்கவேண்டும் என்று பாம்பு முடிவு செய்யும், அந்த வேலையை நீங்கள் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் இருப்பது பால் பைத்தான் (ball python; குடிக்கிற பால் இல்லை, பந்து). இங்கிலாந்தில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிப் பாம்பு. எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கியிருக்கும், பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். பெயர் அதனால் வந்தது. வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி. இதற்குச் சூடான முனையில் காற்று 30 முதல் 32 டிகிரி வரை, விளக்குக்கு நேர் கீழே உள்ள கல்லின் மேற்பரப்பு 35 பக்கம், குளிர்ந்த முனை 24 முதல் 26. இன்னொரு பிரபலமான ஆரம்பகாலப் பாம்பு கார்ன் ஸ்நேக். அது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, கொஞ்சம் குளிரைத் தாங்கும். அதற்குச் சூடான முனை 29 முதல் 32, குளிர்ந்த முனை 21 முதல் 24 போதும். வேறு இனம் என்றால் வேறு எண். முதலில் அந்தப் பாம்பு எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள், அந்த ஊரின் வெயில் எப்படி என்று பாருங்கள், பிறகு எண்ணைத் தேடுங்கள்.

பெட்டி

நீளம்தான் முக்கியம். ஏனென்றால் வெயிலும் நிழலும் ஒரே பெட்டிக்குள் அடங்க இடைவெளி வேண்டும். இரண்டடிப் பெட்டியில் ஒரு பக்கம் விளக்கைப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபக்கமும் சேர்ந்து சூடாகிவிடும், பாம்புக்கு ஒதுங்க இடம் இருக்காது. வளர்ந்த பால் பைத்தானுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் என்பதை இப்போது பலரும் குறைந்தபட்ச அளவாகவே சொல்கிறார்கள். பாம்பு உடம்பை நீட்டிப் படுக்க முடியவேண்டும் என்பது நியாயமான அளவுகோல். குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாது என்றும் சொல்வார்கள். அது இடத்தால் வரும் பயம் அல்ல, ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாத வெட்டவெளியால் வரும் பயம். இலையும் மரப்பட்டையும் போட்டு நிரப்பினால் குட்டிக்கும் பெரிய பெட்டி சரிப்படும்.

கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு. ஆனால் குளிர்நாட்டில் அது ஓட்டைப்பானை. கண்ணாடி வழியாகவும் மேலே உள்ள கம்பிவலை வழியாகவும் சூடு, ஈரம் இரண்டும் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே கண்ணாடித் தொட்டி இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மூன்று பக்கமும் வெளியே தெர்மோகோல் அட்டை ஒட்டி, மேல்வலையில் விளக்கு நிற்கும் இடம் போக மீதியில் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிட்டால் சமாளிக்கலாம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு பிவிசி பலகைப் பெட்டிக்கு. இலகுவாக இருக்கும், ஈரத்தில் ஊறாது, சூட்டைப் பிடித்துவைக்கும். மரப்பலகைப் பெட்டியும் நல்லதுதான், உள்மூலைகளை சிலிக்கோன் போட்டு அடைக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, பெட்டிக்குப் பூட்டு. தலை நுழையும் அளவு இடுக்கு கிடைத்தாலும் பாம்பு வெளியே போய்விடும், அதன் பிறகு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாதவர் நீங்களா உங்கள் மனைவியா என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெயிலை எதிலிருந்து எடுப்பது

கடைக்குப் போனால் ஒரு சுவர் நிறைய ஹீட்டர் தொங்கும். எல்லாம் சூடுதானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், காசு வீணாவது இங்கேதான்.

ஹீட் மேட் என்பது தட்டையான, பாய்போன்ற ஹீட்டர். பெட்டிக்கு அடியில் ஒட்டுவது. மலிவு, கரண்ட்டும் கம்மி, அதனால் பலர் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பிரச்சினை, அது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. நம் வீடு குளிர்காலத்தில் 20 டிகிரியில் இருந்தால் பெட்டிக்குள் காற்றும் கிட்டத்தட்ட 20தான். வயிறு சுட்டுக்கொண்டிருக்க, பாம்பு குளிர்காற்றை மூச்சிழுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, மேலே மண்ணைத் தடிமனாகப் போட்டால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். சூடு தேடும் பாம்பு மண்ணைத் தோண்டிக்கொண்டு போய் நேராகக் கண்ணாடியில் படுக்கும். அந்த இடம் கட்டுப்பாடு இல்லாவிட்டால் 45, 50 என்று போயிருக்கும். பால் பைத்தானின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகளே வரிசையாக உண்டு. இருட்டில் எலியின் உடம்புச்சூட்டைக் கண்டுபிடிக்கும் பிராணி அது. ஆனாலும் வயிற்றுக்கடியில் சுடும்போது உடனே விலகாமல் கிடந்து தோல் வெந்துபோன பாம்புகள் நிறைய. அதற்கே தெரியுமே என்று நம்பி விடாதீர்கள். இதே காரணத்தால் ஹீட் ராக் என்று விற்கும் சுடுகல்லைத் தொடவே வேண்டாம்.

இயற்கையில் சூடு மேலிருந்து வருகிறது. அதனால் பெரும்பாலான நேரத்துக்கு மேலிருந்து வரும் விளக்குதான் நல்ல தேர்வு. என் தேர்வு சாதாரண ஹாலஜன் விளக்கு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஃப்ளட் வகை ஹாலஜனே போதும், பல்லி படம் போட்ட டப்பாவில் மூன்று மடங்கு விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், எல்இடி வாங்கிவிடாதீர்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. சூரிய வெப்பத்தில் அலைநீளம் குறைந்த அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறது. அது தோலின் மேலோடு நிற்காமல் உள்ளே தசைவரை இறங்கும். மார்கழிக் காலையில் வெயிலில் நிற்கும்போது உடம்புக்குள் ஒரு இதம் பரவுகிறதே, அது. ஹாலஜன் அந்த வகைக் கதிரைத் தருகிறது. செராமிக் ஹீட்டர் (பல்பு மாதிரியே மாட்டும் பீங்கான் ஹீட்டர்) தருவது நீண்ட அலைநீளம் கொண்டது, மேல்தோலையும் சுற்றியுள்ள காற்றையும்தான் சூடாக்கும். அடுப்புப் பக்கம் நிற்பதுபோல. அதற்காகச் செராமிக் கெட்டது என்று அர்த்தமில்லை. அதில் வெளிச்சமே வராது, அதனால் ராத்திரிக்கு அதுதான் சரி. டீப் ஹீட் புரொஜெக்டர் என்று ஒன்று வருகிறது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது, அதுவும் வெளிச்சம் தராது, விலை கொஞ்சம் கூட.

ராத்திரிக்கு என்று சிவப்பு, நீல பல்பு விற்பார்கள். பாம்புக்கு அந்த வெளிச்சம் தெரியாது என்பது விற்கிறவர்களின் நம்பிக்கை. ராத்திரி இருட்டாக இருக்கட்டும்.

எங்கள் பெட்டியில் பகலில் 12 மணி நேரம் ஹாலஜன் எரியும், டைமர் போட்டிருக்கிறேன். ராத்திரி அது அணைந்ததும் 24க்குக் கீழே போகாமல் ஒரு செராமிக் பார்த்துக்கொள்ளும். ராத்திரி கொஞ்சம் குளிர்வது இயல்புதான், ஆப்பிரிக்காவிலும் சூரியன் மறைகிறது. விளக்குக்கு நேர் கீழே ஒரு கருங்கல் பலகை, தரைக்குப் போடும் ஸ்லேட் ஓடு மாதிரி, போட்டிருக்கிறேன். பகலில் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும். மொட்டைமாடித் தரை மாதிரி. சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்த்தால் பாம்பு அதன்மேல்தான் கிடக்கும்.

எத்தனை வாட்? இதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. உங்கள் அறை எவ்வளவு குளிர், பெட்டி எவ்வளவு உயரம், கல் விளக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. தூரம்தான் இதில் பெரிய விஷயம்; கல்லை ஒரு சாண் மேலே தூக்கினால் சூடு நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக ஏறும். நாலடிப் பெட்டிக்கு 75 வாட்டில் ஆரம்பித்துப் பாருங்கள், போதாவிட்டால் 100. விளக்கு பெட்டிக்குள்ளே இருந்தால் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டாயம். பாம்பு மேலே ஏறாது என்று நினைப்பீர்கள். ஏறும். ஏறி அந்தச் சுடும் பல்பைச் சுற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான டப்பா

என்னிடம் ஆயிரம் டாலர் இருந்தாலும் நூறு டாலர் இருந்தாலும் முதலில் வாங்குவது தெர்மோஸ்டாட்தான். ஹீட்டரை வாங்கிவிட்டு "அதை அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் அந்த அடுத்த மாதத்துக்குள் பாம்பைச் சுட்டுவிடலாம். ஹீட்டருக்குத் தனியாக அறிவு கிடையாது. கரண்ட் கொடுத்தால் எரியும், அவ்வளவுதான். ஜனவரியில் சரியாக இருந்த அதே பல்பு ஜூலையில் பெட்டியை அடுப்பாக்கிவிடும். 40 டிகிரியைத் தாண்டி ஒதுங்க இடமில்லாமல் போனால் பாம்பு பிழைப்பது கஷ்டம். குளிர் பாம்பை மெல்லக் கொல்லும், சூடு ஒரு மதியத்தில் கொன்றுவிடும்.

தெர்மோஸ்டாட்டின் வேலை எளிது. அதிலிருந்து ஒரு வயர் நீண்டு, நுனியில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். அதைப் பெட்டிக்குள் வைக்கிறோம். சென்சார் சொல்லும் சூட்டைப் பார்த்து, ஹீட்டருக்குப் போகும் கரண்ட்டை டப்பா கூட்டும், குறைக்கும். எப்படிக் குறைக்கிறது என்பதில்தான் வகைகள். ஆன்–ஆஃப் வகை ஃப்ரிட்ஜ் மாதிரி: டக்கென்று போடும், டக்கென்று அணைக்கும். மலிவு. ஹீட் மேட்டுக்கும் செராமிக்குக்கும் போதும். பல்பை இதில் மாட்டினால் பெட்டிக்குள் நாள் முழுக்க டிஸ்கோ நடக்கும், பல்பும் சீக்கிரம் பியூஸ் போகும். டிம்மிங் வகை நம் ஊர் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, கரண்ட்டை நைஸாகக் கூட்டிக் குறைத்து விளக்கை மங்கலாகவோ பிரகாசமாகவோ எரிய வைக்கும். ஹாலஜனுக்கு இதுதான். நடுவில் பல்ஸ் வகை என்று ஒன்று, கரண்ட்டைத் துளித்துளியாக விட்டுவிட்டுக் கொடுக்கும். வெளிச்சம் தராத ஹீட்டர்களுக்கு நன்றாக வேலை செய்யும், விளக்குக்குக் கூடாது.

வாங்கும்போது அந்த டப்பா எத்தனை வாட் தாங்கும் என்பதையும் பாருங்கள்.

இப்போது என் கதை. வாங்கி நாலைந்து மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மகள் பெட்டியைச் சுத்தம் செய்தாள். சென்சாரை வெளியே எடுத்து, எல்லாம் துடைத்து, மண் மாற்றி, கதவை மூடிவிட்டுப் போய்விட்டாள். சென்சார் வெளியே, பெட்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அறை 20 டிகிரி. டப்பா பாவம் என்ன செய்யும்? "ஐயோ, பெட்டி குளிர்ந்துபோச்சு" என்று விளக்கை முழுவேகத்தில் எரித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து நான் தற்செயலாகப் போய்ப் பார்த்தபோது கல் 58 டிகிரி. பாம்பு மறுமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தது. அந்த முனை 31. பிழைத்ததற்குக் காரணம் நாலடி நீளமும் அந்தத் தண்ணீர்த் தொட்டியும்தான். இரண்டடிப் பெட்டியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். அவளைத் திட்டவில்லை, அப்படி வெளியே வர முடிகிற மாதிரி வைத்தது என் தப்பு. அன்றைக்கே சென்சார் வயரைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்துக் கிளிப் போட்டேன். டேப் போட்டு ஒட்டாதீர்கள். பசை பாம்பின் செதிலில் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுப்பது நரகம். பிறகு இன்னொன்றும் செய்தேன். தெர்மோஸ்டாட் பழுதாகி முழு கரண்ட்டையும் விட்டுவிட்டால்கூடக் குளிர்ந்த முனை தாங்கும்படி, 100 வாட் பல்பை எடுத்துவிட்டு 75 போட்டேன். தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் வைத்து தெர்மோஸ்டாட்டை நம்பி இருப்பது, பிரேக் இருக்கிறதே என்று மலையிறக்கத்தில் நியூட்ரலில் போவது மாதிரி.

சென்சாரை எங்கே வைப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். சூடான முனையில், பாம்பு படுக்கும் உயரத்தில், ஆனால் பாம்போ ஈரமோ அதன்மேல் படாத இடத்தில். பாம்பு தண்ணீரைக் கவிழ்த்து சென்சார் நனைந்தால் அதுவும் பொய் சொல்லும்.

நம்பாமல் அளப்பது

தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண் சென்சார் இருக்கும் அந்த ஒரு புள்ளியின் எண். பெட்டியின் மற்ற இடங்கள் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் தனியாக இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர், முனைக்கு ஒன்றாக. கல்லின் மேற்பரப்பை அளக்க, துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். கோவிட் நேரத்தில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அது வீட்டில் கிடக்கிறது என்று எடுத்து வராதீர்கள். அவை பெரும்பாலும் மனித உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டும் காட்டும்படி செய்தவை. சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர் கடையில் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எங்களிடம் இருந்த இரண்டை அக்கம்பக்கமாக வைத்தேன், 5 டிகிரி வித்தியாசம் காட்டின. இரண்டில் எது பொய் என்று யாருக்குத் தெரியும்?

பாம்பை வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைக் கட்டி, எல்லாவற்றையும் எரியவிட்டு, காலை, மதியம், நள்ளிரவு என்று குறித்து வையுங்கள். எண்கள் நிலைக்கு வர சில நாளாகும். பாம்பு உள்ளே இருக்கும்போது பல்பை ஏற்றி இறக்கிச் சோதனை செய்வது அதற்கும் உங்களுக்கும் நல்லதில்லை.

இரண்டு புற்று

வெயிலும் நிழலும் சரியாக அமைத்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரே ஒரு குகையை மட்டும் வைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதைக் குளிர்ந்த முனையில் வைப்பார்கள். என்ன ஆகும் தெரியுமா? பாம்பு அதிலேயே கிடக்கும், சூடு தேவைப்பட்டாலும் வெளியே வராது. சூடா, பாதுகாப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பால் பைத்தான் பாதுகாப்பைத்தான் எடுக்கும். நீங்கள் பார்த்துவிட்டு, "சூடே இதற்குப் பிடிக்கவில்லை" என்று தப்பாக முடிவுகட்டுவீர்கள், பிறகு இரை எடுக்கவில்லை என்று கவலைப்படுவீர்கள். அதனால் இரண்டு முனையிலும் ஒன்று, அதுவும் ஒரே மாதிரி, உள்ளே சுருண்டால் உடம்பு சுவரைத் தொடும் அளவுக்கு நெருக்கமாக. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகை வேண்டும் என்றில்லை. ஓரத்தில் வாசல் வெட்டிய மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும், வெட்டிய விளிம்பை மட்டும் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள்.

சூட்டோடு சேர்ந்து வருவது ஈரம். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓட ஓட, காற்று அப்பளம்போலக் காய்ந்துவிடும், நம் உதடே வெடிக்கும்போது பாம்பைப் பற்றிக் கேட்கவேண்டாம். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் வேண்டும். போதாவிட்டால் சட்டை ஒரே உறையாகக் கழலாமல் பிய்ந்து பிய்ந்து வரும், கண்மேல் உள்ள மூடி ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரே பாட்டிலால் அடிப்பது அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மண்ணை மூன்று அங்குலமாவது போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடிமண்ணை ஈரமாக வைத்தால் விளக்குச் சூட்டில் அது மெல்ல மெல்ல மேலே வரும். மேல்மண் காய்ந்தே இருக்கட்டும், எப்போதும் ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். அந்த மண்ணில் பெரும்பங்கு என்ன தெரியுமா? தேங்காய் நார்த்தூள். செங்கல் மாதிரி அழுத்தி, பாலிதீன் சுற்றி விற்கிறார்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவது. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிக்கிற இடங்களில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் அதே சமாச்சாரத்தை இங்கே டாலர் கொடுத்துத் தூக்கிவந்து ஆப்பிரிக்கப் பாம்புக்கு மெத்தை போடுகிறேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கரண்ட் போனால்

2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், டொரொண்டோவில் பனிப்புயல் அடித்து மரமெல்லாம் ஐஸ் பிடித்து முறிந்து, சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில வீடுகளுக்குத் திரும்ப வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அன்று எங்களிடம் பாம்பு இல்லை. இப்போது இருப்பதால் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன்: ஒரு தலையணை உறை, மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று, வெந்நீர் பை ஒன்று. சில மணி நேரம்தான் என்றால் பெட்டியைக் கம்பளியால் மூடிவிட்டுப் பேசாமல் இருங்கள், காற்றுத்துளையை விட்டுவிட்டு. ஆரோக்கியமான பாம்பு ஓரிரவு 20 டிகிரியில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. நாள்கணக்கில் போகும் என்றால் பாம்பை உறையில் விட்டு முடிச்சுப்போட்டு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, துண்டு சுற்றிய வெந்நீர் பையை ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். அதிலும் ஒரு முனை வெயில், ஒரு முனை நிழல். அந்த நாட்களில் இரை கொடுக்காதீர்கள், வயிறு காலியாக இருப்பதே நல்லது.

மற்றபடி பாம்பையே பாருங்கள். அதைவிட நல்ல தெர்மாமீட்டர் கிடையாது. எந்நேரமும் சூடான முனையிலேயே அப்பிக்கொண்டு கிடந்தால் பெட்டி மொத்தமும் குளிர். எந்நேரமும் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டோ தண்ணீரிலேயோ கிடந்தால் சூடு அதிகம் (சட்டை உரிக்கப்போகும்போதும், உடம்பில் உண்ணி ஏறியிருந்தாலும் தண்ணீரில் கிடக்கும், அதையும் பார்க்கவேண்டும்). இரை எடுத்த அன்று சூடான புற்று, இரண்டு மூன்று நாள் கழித்துக் குளிர்ந்த புற்று, ராத்திரியில் நடுவில் ஒரு உலா என்று மாறி மாறி இருந்தால் உங்கள் வேலை சரியாக நடக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம், சாரையோ மலைப்பாம்போ எதுவானாலும். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் மேலே படித்ததெல்லாம் வெறும் தகவலுக்குத்தான், அங்கே பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை. அப்புறம், சென்னையில் மே மாதத்தில் பிரச்சினையே தலைகீழ். அங்கே வெயிலை யாரும் விளக்கு போட்டு உண்டாக்க வேண்டியதில்லை, 26 டிகிரியில் ஒரு நிழலை எப்படி உண்டாக்குவது என்பதுதான் கேள்வி, அது ஏசி பில்லோடு சம்பந்தப்பட்ட வேறு கட்டுரை.

கடைசியாக, ஹாலஜன் பல்பு எப்போதும் ஒன்று உபரியாக வீட்டில் இருக்கட்டும். அது பியூஸ் போவது எப்படியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடையெல்லாம் மூடிய பிறகுதான். எங்கள் வீட்டில் இதுவரை மூன்று முறை.